மஞ்சள் பூவுக்கு அடியில் தரை இல்லை

அந்தக் கம்பெனியில் மொத்தம் மூன்று பேர். மூவரும் ஒரே வீட்டுக்காரர்கள். படம் வரைவது அண்ணி. அந்தப் படத்துக்குள் ஆள் நடக்கவும் தாவவும் கம்ப்யூட்டரில் வழி செய்வது கொழுந்தன். காலடி, காற்று, கதவு, இடி என்று சத்தம் சேர்ப்பது இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர், அதாவது ஒருத்திக்குப் புருஷனும் ஒருத்தனுக்கு அண்ணனுமானவர். மூன்று வருஷமாக ஒரே ஒரு வீடியோ கேமைச் செய்துகொண்டிருந்தார்கள். மூன்று வருஷத்தில் சிலர் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, அதற்குப் பெயர் வைப்பதில் சண்டை போட்டு, சமாதானமும் ஆகிவிடுகிறார்கள். இவர்களுக்கு ஏழு லெவல்தான் முடிந்திருந்தது.

கேமின் கதை சின்னது. சிவப்பு மழைக்கோட்டுப் போட்ட ஒரு தங்கை, தன்னை விட்டுவிட்டு முன்னால் போய்விட்ட அக்காவைத் தேடிக்கொண்டு ஒரு மலை முழுக்கப் போகிறாள். தாவுகிறாள், தொங்குகிறாள், கையிலிருக்கிற விளக்கை வீசிப் பூதங்களை விரட்டுகிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. மலையில் ஒரு கூழாங்கல்கூடக் கம்ப்யூட்டரில் போட்டதல்ல. நானூற்றுப் பன்னிரண்டு தாள், எல்லாம் அண்ணி கையால் தண்ணீர்ச் சாயத்தில் தீட்டியது.

அந்தக் கை அப்படிப்பட்ட கை. இரண்டாவது லெவலுக்கு வரைந்த அருவியை ஜன்னல் ஓரம் காயப் போட்டிருந்தபோது, கீழ்வீட்டுத் தையல்காரர் இரண்டு தடவை மாடியேறி வந்து, தன் கூரை ஒழுகுகிறது, குழாயை மூடுங்கள் என்று சத்தம் போட்டார். மூன்றாவது லெவலின் மரக்கதவைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கூரியர்காரர் அதைத் தட்டிவிட்டு ஐந்து நிமிஷம் நின்று பார்த்து, வீட்டில் ஆள் இல்லை என்று எழுதிப் பார்சலைத் திருப்பிக்கொண்டு போனார். அந்தச் சீட்டு இன்னும் பத்திரமாக இருக்கிறது.

கடைசியில் அந்தக் கையே வினையாகவும் வந்து நின்றது. இந்த மாதிரி கேமில் படம் என்பது பார்வைக்கு மட்டும்தான். மழைக்கோட்டுக்காரி உண்மையில் நிற்பது, படத்தின் மேல் கொழுந்தன் போடுகிற கண்ணுக்குத் தெரியாத கோட்டின் மேல். கோடு இருந்தால் தரை. இல்லையென்றால் எத்தனை உறுதியான பாறையானாலும் அது காற்று. அண்ணியின் பாறைகளோ எல்லாமே கூப்பிட்டு உட்காரச் சொல்கிற பாறைகள். விளையாடிப் பார்த்தவர்கள் கோடு இல்லாத இடத்தில் தாவித் தாவி விழுந்தார்கள். இரண்டு தடவை வெள்ளோட்டம் நடந்தது, இரண்டும் ஊற்றிக்கொண்டது.

வெளியீட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மூன்றாவது வெள்ளோட்டம்தான் கடைசி. படத்தை நம்பி இன்னொரு ஆள் ஏமாந்தால் நானூற்றுப் பன்னிரண்டு தாளையும் எடுத்துவிட்டு, கடையில் கிடைக்கிற ரெடிமேட் படச் சதுரங்களை வைத்து மலையைக் கட்டிக்கொள்ள வேண்டியது. அண்ணி அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சாயப் பெட்டிக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கடிதத்தைப் பார்க்காமல் சாயத்தை மட்டும் எடுத்தாள்.

ஆகவே இரண்டு விதி போட்டார்கள். எங்கே மஞ்சள் பூ இருக்கிறதோ அங்கே காலை வைக்கலாம், இது விளையாடுகிறவர்களுக்கு. கோடு போட்டு முடித்த தாளை அதற்கப்புறம் பிரஷ்ஷின் ஒரு முடிகூடத் தொடக்கூடாது, இது அண்ணிக்கு. இரண்டாவது விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவன் கொழுந்தன். முன்பு ஒரு தடவை அண்ணி அழகுக்காக ஒரு கல்லை நகத்தளவு நகர்த்திவிட்டாள். அவனுக்குப் பதினாறு நாள் வேலை பாழ். அந்தப் பதினாறு நாளும் அவன் அவள் சமைத்ததைச் சாப்பிட்டான், ஆனால் நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. அதற்கு முன்னாலும் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வெள்ளோட்டத்துக்கு வெளியீட்டுக் கம்பெனி அனுப்பியது ஒரு அம்மாளை. விளையாடிப் பார்ப்பதே உத்தியோகம். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் இல்லை. பார்த்ததாகச் சொன்ன ஒருவரையும் பிறகு யாரும் நம்பவில்லை. காலை பத்து மணிக்கு வந்தார், கைப்பையைக் கீழே வைத்தார், நிபந்தனையைச் சொன்னார். மூன்று பேரும் சுவரோரம் உட்காரலாம். பேசக்கூடாது, ஜாடை காட்டக்கூடாது, எழுந்து போகக்கூடாது, போன், கம்ப்யூட்டர் எதையும் தொடக்கூடாது. வாங்குகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா என்று கேட்டார். யாராவது வாயைத் திறந்தால் வெள்ளோட்டம் அத்தோடு சரி, தோற்றதாகக் கணக்கு.

சுவர் அகலத்துக்கு ஒரு திரையை வாடகைக்கு எடுத்து மாட்டியிருந்தார்கள். அம்மாள் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். கட்டைவிரல் இரண்டைத் தவிர அவர் உடம்பில் வேறெதுவும் அசையவில்லை.

முதல் லெவல் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதில் பூதமே இல்லாத ஒரு குகையில் மழைக்கோட்டுக்காரி சட்டென்று குனிந்து விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். அம்மாள் கால் மணி நேரம் அப்படியே காத்திருந்தார். விஷயம் இதுதான்: கேமில் பூதம் வருவதற்கு முன்னால் கேட்கிற உறுமல், பசி வேளையில் அண்ணன்காரரின் வயிற்றில் மைக்கை வைத்துப் பதிவு செய்தது. இப்போது உறுமியது திரை அல்ல, அசல். அம்மாள் தன் படிவத்தில், “பூதம் வரப்போகிறது என்ற பயம் நன்றாக அமைந்துள்ளது” என்று எழுதினார். அண்ணன்காரர் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

மஞ்சள் பூ வேலை செய்தது. பூ இருந்தால் அம்மாள் தாவினார், இல்லாவிட்டால் தாவவில்லை. ஐந்தாவது லெவலில் தங்கைக்காரி அக்காவின் ஒற்றைச் செருப்பைக் கண்டெடுக்கிற இடத்தில், அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார். வேர்வையா, வேறெதுவுமா என்று மூவரில் யாராலும் சொல்ல முடியவில்லை. அண்ணிக்கு முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

ஆறாவது லெவல் பாதியில் ஒரு கொசு வந்து அம்மாளின் மணிக்கட்டில் உட்கார்ந்தது. அம்மாள் அடிக்கவில்லை. கொசு நிதானமாகக் குடித்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணிக்கு வேறொரு கொசு ஞாபகம் வந்தது.

எட்டு நாளைக்கு முன்னால், ஏழாவது லெவலின் செங்குத்துப் பாறைப் படம் வெளுத்துத் தெரிகிறதே என்று அண்ணி அந்தத் தாளை எடுத்துத் திரும்ப ஸ்கேன் செய்யப் போனாள். கொழுந்தன் காய்ச்சலில் படுத்திருந்தான். தாளின் மேல் ஒரு கொசு உட்கார்ந்தது. கை தன் பாட்டுக்கு அடித்துவிட்டது. பாறை நடுவில் ஒரு சொட்டு ரத்தம். துடைத்தால் சாயமும் சேர்ந்து வரும். விதியோ சுவரில் ஒட்டியிருக்கிறது. என்ன செய்வாள், அந்தக் கறையைச் சுற்றிச் சின்னதாக ஒரு பாறை விளிம்பு இழுத்து, கறையின் மேல் கெட்டியாக ஒரு பூவை வைத்து மூடினாள். கை பழக்கத்தில் மஞ்சளைத் தொட்டிருந்தது. அப்படியே ஸ்கேன் செய்து, கேமில் பழைய படம் இருந்த இடத்தில் ஏற்றியும் விட்டாள். காய்ச்சல் விட்டதும் அவனிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். காய்ச்சல் விட்டது. அவன் முகத்தைப் பார்த்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

அந்தப் பூவுக்கு அடியில் கோடு கிடையாது. அங்கே எவரும் தாவக் காரணமே இல்லை என்பதால், விழுந்தால் பிடித்து மேலே விடுகிற ஏற்பாட்டையும் கொழுந்தன் அங்கே வைக்கவில்லை.

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். கண்ணாலேயே பூ, பாறை, கோடு, கொசு எல்லாவற்றையும் சொல்லப் பார்த்தாள். மனுஷக் கண்ணுக்கு அவ்வளவு சரக்கு ஏற்ற முடியாது. அண்ணிக்குத் தலைசுற்றுகிறது போல என்று எண்ணி அவன் காலால் மெதுவாகத் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினான்.

ஏழாவது லெவல் வந்துவிட்டது. மழைக்கோட்டுக்காரி செங்குத்துப் பாறையின் அடியிலிருந்து ஏறத் தொடங்கினாள். வழி வலது பக்கம் போகிறது, மூன்று பூ, ஒரு கயிறு, பிறகு உச்சி. இடது பக்கம், தனியாக, அந்தப் பூ. அம்மாள் முதல் பூவுக்குத் தாவினார். இரண்டாவதற்குத் தாவினார். மூன்றாவதில் நின்று, வழக்கம்போலத் திரையை மூலை மூலையாகப் பார்த்தார். மழைக்கோட்டுக்காரி இடது பக்கம் திரும்பினாள்.

அண்ணி வாயைத் திறக்க நினைத்தாள். திறந்தால் நானூற்றுப் பன்னிரண்டு தாளும் போயிற்று. திறக்காவிட்டாலும் போயிற்று. இதற்கு நடுவில் அவள் முழங்கை தன் யோசனையில் ஒரு காரியம் செய்தது. பக்கத்தில் வயிற்றைப் பொத்திக்கொண்டிருந்த புருஷனின் விலாவுக்குக் கீழே ஓங்கி அழுத்தியது. பகல் பன்னிரண்டரை மணி, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் உள்ளே போயிருந்தது. அதிலிருந்து கிளம்பிய உறுமல் ஜன்னல் கண்ணாடியை ஆட்டியது.

மழைக்கோட்டுக்காரி குனிந்தாள். விளக்கைத் தூக்கினாள். அம்மாள் காத்திருந்தார். அண்ணி திரும்ப அழுத்தினாள். திரும்ப உறுமல். மழைக்கோட்டுக்காரி ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொரு அடி. வலது பக்கம் போய்விடு, கண்ணே, வலது பக்கம் போய்விடு என்று அண்ணி மனசுக்குள் கெஞ்சினாள். மூன்றாவது தடவை அழுத்தினாள். காற்றுப்போன பலூன் மாதிரி ஒரு சின்ன முனகல்தான் வந்தது. அதற்கு எந்தப் பூதமும் பொறுப்பேற்காது.

அம்மாள் விளக்கை இறக்கினார். இரண்டடி ஓடவிட்டுத் தாவினார்.

சிவப்பு மழைக்கோட்டு பூவைத் தொட்டது, பூவுக்குள் புகுந்தது, பாறைக்குள் புகுந்தது, கீழே போயிற்று.

கொழுந்தனின் முகம் தாள் நிறத்துக்கு வந்தது. திரை, விழுகிறவளோடு சேர்ந்து கீழே இறங்கியது. இறங்கக்கூடாத இடம் அது. தாளில் வரைந்த பகுதிக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு ஓரம் விட்டுத்தான் அண்ணி எப்போதும் வரைவாள். பிரஷ்ஷைத் துடைக்க, சாயத்தைச் சோதிக்க, பிறகு, அந்த வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததைப் பென்சிலில் எழுத. ஸ்கேன் ஆனதும் கொழுந்தன் ஓரத்தை வெட்டிவிடுவான் என்று அவள் நம்பினாள். மறைத்தால் போதும் என்று அவன் நினைத்தான். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்ததைப் பிரஷ் கறை என்று எடுத்துக்கொண்டு, ஒரு மூடியைப் போட்டு மறைத்துவிட்டு, புதுத் தாளைப் பழைய தாளின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தான். அடுக்கு நானூற்றுப் பன்னிரண்டு தாள் உயரம். மூடி மறைப்பது வழியோடு பக்கவாட்டில் நடந்து போகிறவர்களுக்குத்தான். மேலிருந்து விழுகிறவர்களுக்கு அது இல்லை.

முதல் ஓரம் சுவர் அகலத்துக்கு விரிந்தது. எழுத்து ஒவ்வொன்றும் முழ நீளம்.

“கொசு. பூவாக்கிவிட்டேன். தம்பிக்குத் தெரியக்கூடாது.”

கொழுந்தன் படித்தான். அண்ணி அவனைப் பார்க்கவில்லை. மழைக்கோட்டுக்காரி விழுந்துகொண்டே இருந்தாள். பாறை போய் ஒரு காடு வந்தது, காட்டுக்குக் கீழே அடுத்த ஓரம் வந்தது. “தம்பி இன்றைக்கும் முறைத்தான். கழுதை.” பக்கத்தில் ஒரு கழுதை, கண்ணாடி போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால். சாயல் கச்சிதமாக இருந்தது. அதுதான் அந்தக் கையின் கோளாறு.

அம்மாளின் கட்டைவிரல் அசைந்தது. விழுகிறபோதும் வலது இடது நகரலாம் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். மழைக்கோட்டுக்காரி வலது பக்கமாக ஒதுங்கி விழுந்தாள். அங்கே எழுத்து இன்னும் பொடி.

“இன்றைக்கு நீலம் சொன்னபடி கேட்கவில்லை.”

“தம்பி போட்ட மழை அசல் மழை மாதிரி இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறிக்கொள்வான்.”

“விட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாமா? இந்த மலையில் ஒரு இடம் சொல்லு, மழைக்கோட்டுக்காரி.”

நாலு நிமிஷமாயிற்று. ஐந்து நிமிஷமாயிற்று. குகை, அருவி, பனி, பாலம் எல்லாம் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. அண்ணிக்கு இப்போது வேறொரு பயம் பிடித்தது. போன வருஷத்துத் தாள்கள் நெருங்குகின்றன. அதில் ஒன்றில் எழுதியதை அவள் மறக்கவில்லை. திரையைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. விரல்கள் முந்தானை ஓரத்தைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தன.

அது வந்தது.

“இவருக்கு இடது காது கேட்பதில்லை. மறைக்கிறார். சத்தம் சேர்க்கிற மனுஷன், வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்று பயம். எனக்குத் தெரியும் என்று இவருக்குத் தெரியாது. நான் எப்போதும் வலது பக்கமே உட்காருகிறேன்.”

அண்ணன்காரர் படித்தார். பிறகு, அவசரமில்லாமல், தன் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டியைப் பார்த்தார். கொழுந்தன் இருவரையும் பார்த்தான். பேசக்கூடாது என்பது அந்த நேரத்துக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

மொத்தம் பதினோரு நிமிஷம் விழுந்தாள். கடைசித் தாளும் மேலே போனபிறகு வெறும் வெள்ளை. வெள்ளைக்குள் சிவப்பாக ஒரு புள்ளி, இறங்குகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. அம்மாள் கன்ட்ரோலரை மடியில் வைத்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர்கள் பக்கம் திரும்பினார்.

“இதுல தம்பி யாரு?”

கொழுந்தன் வகுப்பறையில் தூக்குவது மாதிரி கையைத் தூக்கினான்.

“கழுதையும் நீங்கதானா?”

“ஆமா மேடம்.”

பேசலாம் என்று ஆனதும் அண்ணி எழுந்து நின்றுவிட்டாள். “பூ என் தப்பு மேடம். கோடு இல்லாத இடத்துல வெச்சேன். எட்டு நாளா சொல்லாம மறைச்சேன். இவங்க ரெண்டு பேருக்கும் தெரியாது.”

கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், “விழுந்தா பிடிக்கிற மாதிரி ஒண்ணு எல்லா இடத்துலயும் வெச்சிருக்கணும். நான் வெக்கல. ஓரத்தையும் வெட்டல. அதெல்லாம் என் தப்பு.” ஒரு நொடி விட்டு, “அண்ணி வரைஞ்சதுல தப்பில்ல,” என்றான். மூன்று வருஷத்தில் அவன் அண்ணியின் வேலையைப் பற்றி வாய் திறந்து சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதையும் தரையிடம்தான் சொன்னான்.

அம்மாள் அண்ணன்காரரிடம் ஏதோ மெல்லிய குரலில் கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் அவர் சிரித்துத் தலையாட்டிச் சமாளித்திருப்பார். இன்றைக்கு நாற்காலியை முழுசாகத் திருப்பி, வலது காதை அவர் பக்கம் கொடுத்து, “கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றார்.

“அந்த உறுமல் யார் பண்ணினதுன்னு கேட்டேன்.”

“நான்தான். என் வயிறு. குகையில உறுமினதும் அதுதான்.”

அம்மாள் படிவத்தை எடுத்தார். படத்தை நம்பி விளையாடுபவர் ஏமாந்தாரா என்று ஒரு கேள்வி, எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். பேனா ஒரு கட்டத்துக்கும் இன்னொரு கட்டத்துக்கும் நடுவில் நின்றது. தையல்காரரின் மிஷின் கீழே ஓடி நின்று ஓடியது. அண்ணி நின்ற இடத்திலேயே நின்றாள்.

“ஏமாந்தா அங்கேருந்து வெளிய வரத்தான் பார்ப்பாங்க,” என்றார் அம்மாள், யாரிடமும் இல்லாமல். “நான் பதினோரு நிமிஷம் உள்ள போகப் பார்த்தேன்.”

இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டார். கீழே, “தாள்கள் அனைத்தும் அப்படியே இருக்க வேண்டும். ஓரம் உட்பட. அடியில் ஒரு தரை மட்டும் தேவை,” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணி உட்காரப் போனாள். நாற்காலி அரை அடி தள்ளி இருந்தது. கொழுந்தன் காலால் அதைச் சரியான இடத்துக்கு நகர்த்தினான்.

அம்மாள் கிளம்பவில்லை. திரும்பவும் கன்ட்ரோலரை எடுத்து, ஏழாவது லெவலை முதலிலிருந்து போடச் சொன்னார். வலது பக்கமாகவே விழுந்ததால் இடது பக்கத்தில் இருந்த எதையும் படிக்கவில்லையாம்.

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மேடம், இடது பக்கம் வேண்டாமே.”

“ஏன்?”

“அது... உங்க கம்பெனிலேருந்து அந்தக் கடிதம் வந்த வாரம் எழுதினது.”

படிவத்தில் கையெழுத்தின் மை இன்னும் காயவில்லை. அம்மாள் அதைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மழைக்கோட்டுக்காரி மூன்றாவது பூவில் நின்று, இடது பக்கம் திரும்பி, இந்தத் தடவை நாலடி ஓடித் தாவினாள்.